ஊர் கூடி மூட்டும் தீ

பொங்கலுக்கு முதல் நாள் போகி. தமிழ்நாட்டில் அன்று விடியற்காலையில், பனி விலகுவதற்கு முன்பே, வாசல்தோறும் பழைய பாயும் தேய்ந்த துடைப்பமும் கிழிந்த முறமும் எரியும். ஏறத்தாழ அதே நாளில், ஜனவரி 13-ஆம் தேதி மாலையில், பஞ்சாபிலும் அரியானாவிலும் தில்லியிலும் தெருவுக்குத் தெரு லோஹ்ரித் தீ மூட்டப்படுகிறது. அதே பொழுதையொட்டி அஸ்ஸாமியக் கிராமங்களில் உருகா என்னும் இரவு விருந்து நடைபெறுகிறது. மறுநாள் விடியலில், மூங்கிலும் விறகும் வைக்கோலும் கொண்டு கட்டிய மேஜி எரிகிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் போகித் தீ. கதிரவன் மகர ராசியில் புகும் ஒரே நிகழ்ச்சியை, வடக்கும் கிழக்கும் தெற்கும் நெருப்பு மூட்டியே வரவேற்கின்றன.

பணியின் பொருட்டுத் தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நமக்கு இந்நாள் ஒரு சங்கடத்தையும் உடன் கொண்டு வருகிறது. மூன்றாம் மாடியில் குடியிருப்பவனுக்கு வாசல் ஏது? சிலர் ஒரு பழைய தட்டில் நான்கு காகிதங்களைக் கொளுத்திவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவுகிறார்கள். சிலர் அதையும் விட்டுவிட்டார்கள். அயல் மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குப் போகி என்பது நாட்காட்டியில் அச்சான ஒரு பெயராக நின்றுவிடுகிறது. அன்று மாலையே கீழே திடலில் அண்டை வீட்டாரின் தீ எரிய, அக்குழந்தைகள் மாடியிலிருந்து அதை எட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தத் தீயை நம்முடைய தீயாகவும் ஆக்கிக்கொள்வது எப்படி, குடியிருப்பு முழுவதும் ஒன்று கூடி ஒரு நெருப்பும் சிறிதளவு வாண வேடிக்கையும் கொண்ட ஒரு மாலைப் பொழுதை அமைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சொல்லில் உள்ள பாடம்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொற்களின் மீது கண் போவது இயல்பு. இந்தியில் வாண வேடிக்கைக்கு ‘ஆதிஷ்பாஜி’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த அச்சொல்லுக்குத் தீயைக் கொண்டு ஆடும் ஆட்டம் என்பது பொருள். நம் சொல்லோ வாண வேடிக்கை. வேடிக்கை என்பது பார்ப்பது. ஒரு சொல் கொளுத்துபவனைக் கருதிப் பிறந்தது. மற்றொன்று பார்ப்பவனைக் கருதிப் பிறந்தது. ஊர் விழாவுக்கு வேண்டிய முதல் பாடம் நம் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. கொளுத்துபவர் ஓரிருவர், பார்ப்பவர் பலர். ஆகவே, எதை எவ்வளவு கொளுத்துவது என்ற கேள்விக்கு முன்னால், பார்ப்பவர் எங்கே நிற்பார், எவ்விதம் வருவார், எவ்விதம் திரும்புவார் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

வாண வேடிக்கை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1443-ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கு மகாநவமி விழாவில் கண்ட வாணங்களைத் தம் குறிப்பில் பதிந்திருக்கிறார். இன்று நாட்டில் கொளுத்தப்படும் பட்டாசின் மிகப் பெரும் பகுதி சிவகாசியில் உருவாவது. அதன் பின்னே வெளிமாநிலத் தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்தே அங்குப் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. அயல் மாநிலத்தில் கற்ற கலையே இன்று அயல் மாநிலங்களின் வானத்தில் ஒளிர்கிறது.

நம் தீயும் அவர்கள் தீயும்

அண்டை அயலாரோடு கூடி விழா எடுக்க விரும்புவோர் அவர்களுடைய வழக்கத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். லோஹ்ரித் தீயை வலம் வருவோர், எள்ளையும் வெல்லத்தையும் வேர்க்கடலையையும் சோளப்பொரியையும் அதில் இடுகிறார்கள். மிஞ்சியதை ஒருவர்க்கொருவர் பகிர்ந்து உண்கிறார்கள். விழாவுக்கு முன் சிறுவர் சிறுமியர் வீடு வீடாகச் சென்று, பாட்டுப் பாடி, விறகும் காசும் தின்பண்டமும் திரட்டுவது பழைய வழக்கம். அவ்வீட்டில் அவ்வாண்டு பிறந்த குழந்தைக்கும், புதிதாக வந்த மருமகளுக்கும் முதல் லோஹ்ரி தனிச் சிறப்புடையது. அஸ்ஸாமியர் மேஜித் தீயை விடியற்காலையில் நீராடி மூட்டுவர். எரிந்து மிஞ்சிய கட்டைகளையும் சாம்பலையும் வயலிலும் கனிமரங்களின் அடியிலும் இடுவர்.

நம் போகியில் பழையதை நெருப்பில் இடுகிறோம். அவர்கள் லோஹ்ரியில் புதிய விளைச்சலை இடுகிறார்கள். ஒரே தீயில் இவ்விரண்டுக்கும் இடமுண்டு. முடிந்துபோன ஆண்டின் தினசரி நாட்காட்டித் தாளை நாமும், ஒரு பிடி எள்ளை அவர்களும் இட்டால், எந்த விளக்கவுரையும் இல்லாமலே ஒருவர் பண்டிகை மற்றவர்க்கு விளங்கிவிடும்.

ஜனவரி மாதம் ஒத்துவராத இடங்களில் வேறு நாட்களும் இருக்கின்றன. திருக்கார்த்திகையன்று நம் கோயில்களின் முன்னே பனைமரத் துண்டை நட்டு, காய்ந்த ஓலை வேய்ந்து, சொக்கப்பனை கொளுத்துவதை அறியாதார் இல்லை. வடநாட்டார் ஹோலிக்கு முன்னிரவில் மூட்டும் ஹோலிகா தகனமும், தஞ்சை வட்டாரத்துக் கிராமங்கள் போற்றும் காமன் பண்டிகையும் ஒரே முழுநிலவைச் சார்ந்தவை. அங்கே ஹோலிகை எரிகிறாள். இங்கே காமன் எரிகிறான். கதை வேறு, நிலவு ஒன்று. குடியிருப்பில் எந்த மாநிலத்தார் மிகுதியோ அவர்களுடைய நாளோடு நம் நாளைப் பொருத்திக்கொள்வதே விவேகம்.

சட்டம் சொல்வது

தீபாவளியில் நமக்கும் அயலார்க்கும் இடையே ஒரு பிணக்கு நெடுங்காலமாக உண்டு. நாம் நரக சதுர்த்தசியின் விடியலில் எண்ணெய் நீராடியதும் வெடிக்கிறோம். அவர்கள் அமாவாசை இரவில் இலக்குமி பூசை முடிந்ததும் வெடிக்கிறார்கள். அவர்கள் உறங்கும் வேளையில் நாமும், நாம் உறங்கும் வேளையில் அவர்களும் வெடித்தால் நட்பு எங்ஙனம் வளரும்? ஒலி மாசு குறித்த 2000-ஆம் ஆண்டின் விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரத்தை அமைதிக்கென ஒதுக்கியிருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகும்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், புகையும் ஒலியும் குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, தீபாவளி போன்ற பண்டிகைகளுக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று நேரம் வகுத்தது. சரவெடியையும் பேரியம் உப்புக்களையும் விலக்கியது. வீட்டுக்கு வீடு வெடிப்பதினும், குறித்த ஓரிடத்தில் பலரும் கூடி வெடிப்பதை ஊக்குவிக்க வேண்டுமென்றும் கூறியது. ஒரு வாரம் கழித்து, தமிழ்நாட்டின் வேண்டுகோளுக்கிணங்க, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் அம்மாநிலம் தானே நேரத்தை வகுத்துக்கொள்ளலாம் என்றது. அவ்வாண்டு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் நேரம் குறிக்கப்பட்டது. நம் விடியற்கால வழக்கத்தை நீதிமன்றம் மதித்தது என்பதை இதனால் அறியலாம்.

தில்லியின் நிலை வேறு. அங்கு 2024 டிசம்பரில் ஆண்டு முழுவதற்குமாகப் பட்டாசு தடை செய்யப்பட்டது. 2025 தீபாவளியின்போது, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் சில நாட்களில் சில மணி நேரம் உச்ச நீதிமன்றம் இடமளித்தது. குளிர்காலத்தில் காற்று கெடும்போது அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் திறந்தவெளியில் எதையும் எரிப்பதற்கே கட்டுப்பாடு வருவதுண்டு. ஆகவே, சென்ற ஆண்டின் விதி இவ்வாண்டுக்கும் பொருந்தும் என்று எண்ணலாகாது. விழாவுக்கு முந்திய வாரத்தில் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் ஒருமுறை கேட்டுத் தெளிவதே முறை.

பசுமைப் பட்டாசு என்ற பெயரைக் கண்டு மயங்கவும் வேண்டா. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த கலவை முறைப்படி செய்யப்படும் அவை, வழக்கமான பட்டாசைவிடப் புகைத் துகளைச் சுமார் 30 சதவீதம் குறைவாக உமிழ்கின்றன. எஞ்சிய 70 பங்கு காற்றில்தான் கலக்கிறது. மூச்சிரைப்புள்ள முதியவர்க்கும் கைக்குழந்தைக்கும் அது சிறிதன்று. ஐம்பது வீட்டார் தனித்தனியே வாங்குவதை விடுத்து, ஐம்பது வீட்டுக்குமாக ஒரு பெட்டி வாங்குவதே உண்மையான குறைப்பு.

இரண்டு துயரங்கள்

மகிழ்ச்சிக்கு வழி கூற வந்த இடத்தில் துயரத்தைச் சொல்வது இனிதன்று. எனினும் சொல்லியாக வேண்டும். 2018 அக்டோபர் 19-ஆம் நாள், விஜயதசமி மாலையில், அமிருதசரசில் இருப்புப்பாதையை அடுத்த ஒரு திடலில் இராவணன் உருவம் எரிக்கப்பட்டது. திடலில் இடம் போதாமல் மக்கள் தண்டவாளத்தின் மீது நின்று பார்த்தார்கள். வெடியோசையில் இரயிலின் ஓசை கேட்கவில்லை. சில நொடிகளில் ஏறத்தாழ 60 பேர் உயிரிழந்தனர். அங்கு நெருப்பு யாரையும் கொல்லவில்லை. பார்ப்பவர் எங்கே நிற்பார் என்று எவரும் எண்ணிப் பார்க்காததே கொன்றது.

அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியலுக்கு முன், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துப் பரவூரில், புற்றிங்கல் கோயில் திருவிழாவில், வாணமொன்றின் தீப்பொறி வெடிகள் குவித்து வைத்திருந்த கட்டடத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போட்டி வாண வேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் அது நடைபெற்றது.

முதல் துயரம் கூட்டத்தை வகுப்பது பற்றிய பாடம். இரண்டாவது, எரியும் தீயும் எரியாத வெடியும் ஒன்றையொன்று காணக்கூடாது என்ற பாடம். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் ஏற்பாடுகளில் ஒவ்வொன்றின் காரணமும் தானே விளங்கும்.

ஆறு வாரம் முன்பே

வேலையை ஆறு வாரம் முன்னரே தொடங்குதல் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு போதும். ஒருவர் திடலுக்கும் அனுமதிக்கும், ஒருவர் விறகுக்கும் தீக்கும், ஒருவர் வாணத்துக்கும், ஒருவர் உணவுக்கும், ஒருவர் கணக்குக்கும் பொறுப்பேற்கட்டும். இவர்களில் மூவராவது அம்மாநிலத்தவராக இருப்பது நலம். தமிழர் நடத்தும் விழாவுக்கு அயலார் விருந்தினராக வருவது ஒருவகை. எல்லாருமாக நடத்தும் விழாவில் தமிழர்க்கும் பங்குண்டு என்பது வேறொரு வகை. பின்னதே நிலைக்கும். தீப்பொறுப்பாளர் ‘நிறுத்துங்கள்’ என்றால், தலைவரே ஆயினும் மறுசொல் சொல்லாமல் நிறுத்த வேண்டும் என்ற விதியை முதற்கூட்டத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

திடலுக்கு உரியவரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுக. தொழிற்சாலைக் குடியிருப்பாயின் அதன் நிர்வாக அலுவலகம். அரசுக் குடியிருப்பாயின் அதற்குரிய துறை. தனியார் அடுக்குமாடியாயின் குடியிருப்போர் சங்கம். காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நாள், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம் ஆகியவற்றைக் குறித்து மடல் எழுதுக. பொதுவிடத்தில் வாண வேடிக்கை நடத்த 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வேண்டியிருப்பதால், மாவட்ட நிர்வாகத்தை முன்கூட்டியே அணுகுக. உரிமம் கிட்டவில்லையாயின் வாணத்தை விட்டுவிட்டுத் தீயோடு நிறைவடைக. உரிமம் பெற்ற கடையிலன்றி வேறெங்கும் பட்டாசு வாங்க வேண்டா.

பணத்தை ஒவ்வொரு வீட்டிலும் சமமாகத் திரட்டுக. தொகை சிறிதாகவே இருக்கட்டும். கூடுதலாகக் கொடுக்க விரும்புவோர் உணவுக்குக் கொடுக்கட்டும். வாணத்துக்குத் தனியொருவர் மிகுதியாகக் கொடுத்தால் அடுத்தவர் அதனினும் மிகுதியாகக் கொடுப்பார். பிறகு வேடிக்கை போட்டியாகிவிடும். விழா முடிந்த மறுவாரமே கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுக.

இன்னொன்றும் செய்ய வேண்டும். குழுவினர் இருவர் வீடுதோறும் ஒருமுறை சென்று வரவேண்டும். எவ்வீட்டில் நோயாளி இருக்கிறார், எவ்வீட்டில் பச்சிளங்குழந்தை, எவ்வீட்டில் நாய் வளர்க்கிறார்கள், எவ்வீட்டில் அவ்வாண்டு துக்கம் நிகழ்ந்தது என்பதெல்லாம் நேரில் சென்றால்தான் தெரியும். துக்க வீட்டின் சன்னலுக்கு நேரே ஆரவாரம் செய்யும் விழா எத்துணைச் சிறப்பாக நடந்தாலும் குறையுடையதே.

திடலும் விறகும்

மேலே மின்கம்பி, பக்கத்தில் மரம், கீற்றுக் கூரை, நிறுத்திய வாகனம் இவை எதுவும் இல்லாத வெளி வேண்டும். கட்டடங்களிலிருந்து 20 மீட்டருக்குக் குறையாத தொலைவு இருக்கட்டும். வாகனச் சாலையோ இருப்புப்பாதையோ நீர்நிலையோ கூட்டத்தின் முதுகுப்புறம் அமையலாகாது. முதலில் பார்ப்பவர் நிற்குமிடத்தைக் குறித்து, இரண்டு அகன்ற வழிகளை ஒதுக்கி, பிறகே தீக்கு இடம் குறிக்க வேண்டும். காற்று கூட்டத்தின் பக்கமிருந்து தீயை நோக்கி வீசும்படி அமைப்பது முறை. முதியோர்க்கு நாற்காலிகளை அப்பக்கத்திலேயே இடுக.

தரையில் நான்கு விரற்கடை கனத்துக்கு மணல் பரப்பி, சுற்றிலும் செங்கல் அடுக்கி, அதன் நடுவே விறகைக் கூம்பாக நிறுத்துக. ஆள் உயரத்துக்கு மேல் வேண்டா. நாற்பது கிலோ உலர்ந்த விறகு ஒரு மணி நேரத்துக்குப் போதுமானது. தீயைச் சுற்றி 5 மீட்டர் தொலைவில் கயிறு கட்டுக. வடநாட்டுக் குளிரில் இரவுப் பனி விறகை நனைத்துவிடும். நனைந்த விறகு வெப்பத்துக்குப் பதில் புகையையே தரும். ஆதலின் முதல் நாள் வரை தார்ப்பாயில் மூடி வைத்திருந்து, விழா நாளன்று மாலையிலேயே அடுக்குதல் வேண்டும். முன்பே அடுக்கிவிட்டால் கூம்பினுள் நாய்க்குட்டியோ பூனையோ குளிருக்கு ஒதுங்கியிருக்கக்கூடும்.

காய்ந்த விறகு, வறட்டி, தென்னை மட்டை ஆகியவை தகும். வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, ரப்பர், பிளாஸ்டிக், பழைய மெத்தை ஆகியவை தகா. சக்கர ரப்பரை எரிக்கும் வழக்கம் போகியின் பெயரைக் கெடுத்ததைச் சென்னைவாசிகள் நன்கறிவார்கள். போகிப் புகையும் பனியும் கலந்து அந்நகரின் விமானப் போக்குவரத்தே தடைப்பட்ட ஆண்டுகள் உண்டு. கட்டத்தக்க துணிகளையும் படிக்கத்தக்க நூல்களையும் தீயில் இடவேண்டா. அவற்றுக்கென ஒரு பெட்டியைத் திடலின் வாயிலில் வைத்தால், வேண்டியவர்க்குப் போய்ச் சேரும். பழையதை விட்டொழிப்பது என்னும் போகியின் கருத்து அதனாலும் நிறைவேறும்.

மூட்டுவதற்குக் கற்பூரமும் நெய்யில் நனைத்த தேங்காய் நாரும் போதும். மண்ணெண்ணெய் வேண்டா, பெட்ரோலைத் திடலுக்குள்ளேயே கொண்டுவரலாகாது. அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவி நிற்கும். தீக்குச்சியைக் கிழித்தவன் கையோடு அது வெடிக்கும்.

அந்த மாலைப்பொழுது

மாலை 6 மணிக்கு அகல் விளக்குகளோடு தொடங்கலாம். குடியிருப்பின் மூத்த பாட்டியாரும், அவ்வாண்டு பிறந்த குழந்தையை ஏந்திய தாயும் முன்னிற்க, தீப்பொறுப்பாளர் நெருப்பை மூட்டட்டும். வீட்டுக்கு ஒருவராக வரிசையில் வந்து, தாம் கொணர்ந்ததைக் கயிற்றருகில் நிற்கும் தொண்டரிடம் கொடுக்க, அவர் தீயில் இடுவார். நாட்காட்டித் தாளும் எள்ளும் வேர்க்கடலையும் இவ்விதம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். பிறகு பாட்டு. நாம் கும்மி பாடினால் அவர்கள் கைதட்டுவார்கள். அவர்கள் கிட்டா ஆடினால் நம் பெண்கள் காலடி கற்றுக்கொள்வார்கள். உணவில் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் ஒருபுறம். சோள ரொட்டியும் கடுகுக் கீரையும் ஒருபுறம். எள்ளும் வெல்லமும் சேர்ந்த ரேவடி இருபுறத்துக்கும் பொது.

வாணத்தின் முறை இதற்குப் பிறகே வரும். நெருப்பு தணிந்து கனலாகும் வரை பட்டாசுப் பெட்டியைத் திறக்கலாகாது. பெட்டி மூடியுடையதாய், தீயிலிருந்து வெகுதொலைவில், காற்று வரும் திசையில், ஒருவரின் காவலில் இருக்கட்டும். கொளுத்துமிடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே 25 மீட்டர் வேண்டும். இருவர் மட்டுமே கொளுத்த வேண்டும். பருத்தி உடையும் காலணியும் கண்ணாடியும் அணிந்திருக்க வேண்டும். எங்கே போய் விழும் என்று சொல்லமுடியாத ராக்கெட்டை அறவே விலக்குக.

பதினைந்து நிமிடம் போதும். முதலில் தரையில் சுழலும் சங்கு சக்கரம், பிறகு புஸ்வாணம், இறுதியில் வானில் மலரும் ஒன்றிரண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சற்று இருள் இருக்கட்டும். கண் இருளுக்குப் பழகிய பிறகு தோன்றும் சிறிய ஒளியும் பெரிதாகத் தெரியும். ஒரே நேரத்தில் பத்தைக் கொளுத்தினால் புகையே மிஞ்சும். இடைவேளையில் பள்ளிப் பிள்ளை ஒருவரை ஒலிபெருக்கி முன் நிறுத்தி, சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம், மஞ்சளைத் தருவது சோடியம், நீலத்தைத் தருவது செம்பு, பச்சையைத் தந்த பேரியம் இன்று விலக்கப்பட்டது என்று தமிழிலும் அவ்வூர் மொழியிலும் சொல்லச் செய்யலாம். கேட்கும் பிள்ளைகள் அந்நிறங்களைக் காணும்போதெல்லாம் அதை நினைவுகூர்வார்கள்.

கார்த்திகை நாளில் விழா எடுப்போர்க்கு நம் கிராமத்து மாவளி உண்டு. ஆண் பனையின் பூக்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுகச் சுற்றி, பனை மட்டைக் கீற்றுகளுக்கிடையே வைத்துக் கட்டி, நெருப்பிட்டுக் கயிற்றில் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். ஓசையில்லை, இரசாயன உப்புக்களும் இல்லை. பழகிய ஒருவர் வெற்றுவெளியில் தனித்து நின்று சுழற்ற, மற்றவர் எட்ட நின்று காண்பது முறை.

கம்பி மத்தாப்பைக் குழந்தைகளின் விளையாட்டென்று எளிதாக எண்ணுகிறோம். எரியும் கம்பியின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசை எட்டுவது. கை நீட்டிப் பிடிக்கத் தெரிந்த வயதுக்குப் பின்பே, ஒரு நேரத்தில் ஒருவர் என்ற முறையில், பெரியவர் அருகிருக்கக் கொடுக்கலாம். எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் எறியாமல் நீர்வாளியில் இடச் செய்க. வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் பலர் சுடுபட்டது அணைந்த கம்பியால்தான். வெடிக்காமல் நின்றுவிட்ட எதையும் அரைமணி நேரம் நெருங்கலாகாது. பிறகு எட்ட நின்று நீரூற்றி நனைத்துவிடுக. டப்பாவாலோ பானையாலோ மூடி வெடிக்கும் குறும்பை அன்று அறவே தடுக்க வேண்டும்.

நான்கு வாளி நீர், நான்கு வாளி மணல், நீர்க்குழாய், கம்பளி ஒன்று இவை கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். தீப்புண் பட்டால் ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மை, பற்பசை, வெண்ணெய் எதுவும் தடவலாகாது. கண்ணில் பட்டால் கசக்காமல் மூடிக்கொண்டு மருத்துவரிடம் விரைக. 101 தீயணைப்புக்கும், 112 எவ்வகை அவசர உதவிக்கும் உரிய எண்கள். அவற்றைப் பெரிதாக எழுதித் தொங்கவிடுக.

நெருப்பை மூட்டியவரே அதை அணைக்கவும் வேண்டும். கூட்டம் கலைந்தபின் கனலைக் கலைத்து நீர் தெளித்து, ஆவி அடங்கும் வரை ஒருவர் காத்திருக்க வேண்டும். மணலால் மூடிய கனல் மறுநாள் காலையிலும் காலைச் சுடும். ஆகவே முதலில் நீர், பிறகே மணல்.

அனுமதி கிடைக்காத ஊரில்

விதியோ காற்றோ இடந்தராத ஊர்களில் மனம் தளர வேண்டுவதில்லை. நெருப்பு ஓங்கி எரிந்தால்தான் விழா என்பதில்லை. வீட்டுக்கு இரண்டு அகலாக ஐம்பது வீட்டார் கொணர்ந்து, திடலில் ஒரே கோலத்தின் மீது வரிசையாக வைத்து ஏற்றினால், நூறு சுடர்களும் அணையும் வரை யாரும் எழுந்து போகமாட்டார்கள். எள்ளுருண்டையும் பாட்டும் அங்கும் உண்டு. புகையில்லை என்பதால் மூச்சிரைப்புள்ள தாத்தாவும் அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து அமர்வார்.

மறுநாட்காலையில் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். காகிதக் குப்பையைக் கூட்டுவது அவர்கள் பங்கு. தூய விறகின் சாம்பலைச் சலித்து, அஸ்ஸாமியர் செய்வதுபோலக் குடியிருப்பின் மரங்களுக்கு அடியில் இடச் செய்யுங்கள். அப்பொழுது ஒரு பிள்ளை, அடுத்த ஆண்டு எத்தனை மணிக்கு என்று கேட்கும். தமிழிலும் கேட்கலாம், பஞ்சாபியிலும் கேட்கலாம், இரண்டும் கலந்தும் கேட்கலாம். அக்கேள்வி பிறந்துவிட்டால், அந்தக் குடியிருப்பில் போகிக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டதென்று கொள்ளலாம்.